நாற்றின் லட்சணம்

நல்ல நாற்று உயரமாக இருப்பதில்லை. பயிர்த்தொழிலில் பழக்கமில்லாதவர்கள் எளிதில் நம்ப மறுக்கும் இந்த உண்மை, திண்டுக்கல் சமவெளியில் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டு வாழும் சம்சாரிக்குக் கேள்விக்கே இடமில்லாத சங்கதி. நாற்றுப் பண்ணையில் வந்து நிற்கும்போது, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஓங்கி வளர்ந்து, காற்றில்லாத போதும் லேசாகத் தலை சாய்ந்து நிற்கும் தட்டை அவர் ஒரு பார்வையோடு விட்டுவிடுவார். அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரங்கூட இல்லாமல், தண்டு தடித்து, கணுவுக்குக் கணு நெருங்கி, இலை கரும்பச்சையாகி, தொட்டால் விறைப்பாக நிமிரும் நாற்றுகள் நிறைந்த தட்டின்மேல்தான் அவருடைய விரல் போய் நிற்கும். அந்த விரலின் தீர்ப்பை நான் ஒரு ரசிகனின் தீர்ப்பாகவே மதிக்கிறேன். ராகத்திற்கும் சிற்பத்திற்கும் லட்சணம் இருப்பதுபோல நாற்றுக்கும் லட்சணம் உண்டு என்பதையும், அந்த லட்சணத்தை உண்டாக்குகிறவன் வெறும் கூலிக்காரனல்ல, ஒரு கலையின் சூட்சுமங்களை அறிந்த சிற்பி என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை அடுத்து, குடகனாற்றை ஒட்டிக் கிடக்கும் அகரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தின் சுபாவம் தெரியும். மேற்கே பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் உச்சிகளிலேயே வாங்கிக்கொண்டுவிடுவதால், சமவெளிக்கு ஆனி ஆடியில் மிஞ்சுவது காற்றுத்தான். மழை என்று நம்பியிருப்பது ஐப்பசி கார்த்திகையைத்தான். செம்மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் வெயிலும் இங்கே மூலதனம். இந்த மூன்றையும் கொண்டுதான், கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும், தக்காளிக்கென்றே பெயர்பெற்ற அய்யலூர்ச் சந்தைக்கும் இப்பக்கத்துச் சம்சாரிகள் சரக்குச் சேர்க்கிறார்கள். அந்தச் சந்தைகளில் காயைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் காயின் யோக்கியதை, அது காய்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, வலைக்கூடாரத்துக்குள் ஒரு கட்டைவிரல் அகலக் குழியில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர்.

உள்ளே வைத்து விதை முளைக்கச் செய்யும் வித்தை இந்தச் சீமைக்குப் புதிதன்று. முத்தாலம்மன், மாரியம்மன் திருவிழாக்களுக்கு முளைப்பாரி வளர்க்கும் பெண்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். மண்பாத்திரத்தில் வைக்கோலும் காய்ந்த எருவும் பரப்பி, ஊறவைத்த மொச்சை, தட்டை, பாசி முதலான தானியங்களைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, விரதமிருந்து நீர் தெளித்து, இரவில் கும்மி கொட்டி வளர்க்கும் அந்தப் பயிர் எட்டு ஒன்பது நாளில் முழங்கை உயரத்துக்கு, வெளிறிய மஞ்சளும் பாலும் கலந்த ஒரு வர்ணத்தில், மெல்லிய தண்டுகளோடு எழுந்து நிற்கும். ஊர்வலத்தில் அதைச் சுமந்து வரும் பெண்களின் நடைக்கு ஏற்ப அது அசைவதைக் கண்டு உள்ளம் நெகிழாதவர் இருக்க முடியாது. எந்த வீட்டு விதைக்கு வீரியம் இருக்கிறது என்று ஊரே கூடிக் கண்டுகொள்ளும் ஒரு பரீட்சையாகவும் அது இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

முளைப்பாரியின் அழகு முழுவதும் இருட்டின் அழகு. மண்ணுக்கடியில் கிடப்பதாகவே நினைத்துக்கொள்ளும் முளை, இலைக்குச் செலவிட வேண்டிய சத்தையும் பச்சையத்துக்குச் செலவிட வேண்டிய சத்தையும் மிச்சம் பிடித்து, வெளிச்சத்தைக் காணும் ஒரே நோக்கத்தோடு தண்டை நீட்டிக்கொண்டே போகிறது. விதைக்குள் தாய் கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரை அந்த ஓட்டம் நிற்காது. ஆற்றிலோ குளத்திலோ கரைக்கப்போகிற பயிருக்கு அது குற்றமில்லை. ஆனால் நான்கு மாதம் வெயிலில் நின்று காய்க்க வேண்டிய தக்காளி நாற்றுக்கு அதே நெடுமையும் அதே வெளிறலும் மரண லட்சணங்கள். ஒரே இருட்டு, ஒரே ஈரம், ஒரே முளைப்பு. ஒன்றில் அழகாவது மற்றொன்றில் பிழையாகிறது. முளைப்பாரி வளர்க்கும் பெண் எந்தக் கதவைச் சாத்தி வைக்கிறாளோ, அந்தக் கதவை எந்த நாழிகையில் திறப்பது என்று அறிவதில்தான் நாற்று வளர்ப்பவனுடைய வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பழைய நாற்றங்கால் திறந்தவெளியில் இருந்தது. மூன்றடி அகலத்தில் மேட்டுப்பாத்தி கட்டி, மட்கிய எருவைச் சலித்துப் போட்டு, விரலால் கோடிழுத்து, சாம்பலிலோ மணலிலோ புரட்டிய விதையை அக்கோட்டில் தூவி, வைக்கோலால் மூடிப் பூவாளியால் நீர் தெளித்து வந்தார்கள். விதையும் வீட்டு விதைதான். நன்றாகப் பழுத்த கத்தரியின் விதையைச் சாம்பலோடு பிசைந்து காயவைப்பதும், பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைப்பதும், பீர்க்கு நெற்றை அடுப்படிப் புகையில் தொங்கவிடுவதும் எங்கள் வீடுகளில் சாதாரணக் காரியங்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் நாற்றங்காலில் ஒரு விசேஷப் பயிற்சி இருந்தது. அதைக் கொடுத்தது புகையிலை. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேலாகச் சேரும் அந்த விதை, மூச்சுப்பட்டால் பறந்துவிடக்கூடியது. அதை மணலோடு கலந்து சீராகத் தூவவும், விதைக்கும் முன்பே பாத்தியின்மேல் சருகைப் பரப்பிக் கொளுத்தி மண்ணிலுள்ள பூஞ்சாணத்தையும் களை விதைகளையும் அழிக்கவும், எறும்பு வாய்ப்பட்டுப் போகாமல் காக்கவும் பழகிய கைகளுக்குத் தக்காளி விதை பெரிய விதையாகவே தோன்றியிருக்கும். வேடசந்தூரில் 1948-ல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கும் இந்தப் பயிரின் செல்வாக்கே காரணம். இன்று புகையிலையின் மவுசு குறைந்துவிட்டது. அது கற்றுக்கொடுத்த கைப்பழக்கம் காய்கறி நாற்றுக்குள் குடிபுகுந்து பிழைத்திருக்கிறது என்பது என் துணிபு.

பாத்தி நாற்றுக்கு ஒரு தீராத குறை இருந்தது. பிடுங்கும்போது வேர் அறும். பக்க வேர்களின் நுனியில்தான் நீரை உறிஞ்சும் மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. அவை மண்ணோடு மண்ணாகப் போய்விட, நட்ட நாற்று நாலைந்து நாள் துவண்டு கிடந்து, புதுவேர் விட்ட பிறகே தலை தூக்கும். விதை மலிவாக இருந்த காலத்தில் பத்துக்கு இரண்டு போனாலும் பாதகமில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உண்டாக்கிய பி.கே.எம். 1 ரகத்தின் விதையை விவசாயி தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுவீரிய விதைகள் வந்து, கிராமுக்கு ஏறக்குறைய முந்நூறே விதை என்று எண்ணி விலை கொடுக்க நேர்ந்த பிறகு, ஒவ்வொரு விதையும் ஒரு செடியாகியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பிறந்தது. குழித்தட்டு அந்த நிர்ப்பந்தத்தின் குழந்தை.

நீளவாக்கில் பதினான்கும் அகலவாக்கில் ஏழுமாக 98 குழிகள் கொண்ட கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு, அதில் மண்ணுக்குப் பதிலாக மட்கிய தென்னைநார்க் கழிவு, குழிக்கு ஒரு விதை: சொல்லிமுடித்தால் இவ்வளவுதான். ஆனால் நார்க்கழிவைப் பக்குவம் செய்வதே ஒரு தனி வித்தை. தொழிற்சாலையிலிருந்து வரும் பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்பும் மிகுந்திருக்கும். அதில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. அந்த நிலையில் விதை போட்டால் முளைத்த பயிரின் தழைச்சத்தைக் கழிவே பறித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, சிப்பிக் காளானின் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு மட்கவைத்தால், சந்தன நிறம் மறைந்து கறுத்து, அந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். அனுபவசாலி இதற்குக் கருவி எதையும் தேடுவதில்லை. ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழிகிறார். விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரல் பட்டால் உதிர வேண்டும். பிறகு முகர்ந்து பார்க்கிறார். மழை பெய்த காட்டின் வாசனை வந்தால் சரி. புளித்த வாடை வந்தால் அந்தக் குவியலை மறுபடி கிளறிக் காற்றாட விடுவார்.

விதை ஊன்றிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் இறுகப் போர்த்தி மூட்டம் போடுகிறார்கள். உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் ஒரே சீராகத் தங்குவதால் எல்லா விதையும் ஏறக்குறைய ஒரே வேளையில் உறக்கம் கலைகின்றன. இந்தக் கலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. தக்காளி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வெடிக்கும். கத்தரி சற்றுத் தாமதிக்கும். மிளகாய் ஒரு வாரத்தையும் தாண்டி மனத்தைச் சோதிக்கும். வெயில் உக்கிரமான சித்திரையில் ஒரு கணக்கு, மார்கழிப் பனியில் வேறு கணக்கு. முளை நார்க்கழிவைக் கீறிக்கொண்டு வளைந்த கழுத்தைக் காட்டும் அந்த நேரத்தில் மூட்டம் பிரிந்தாக வேண்டும். காலையில் பிரிக்க வேண்டியதை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தால், இருட்டில் அந்த ஒரு நாளில் விதையிலைக்குக் கீழுள்ள தண்டு நூலாக நீண்டுவிடும். அதன்பின் எத்தனை உரமிட்டாலும், எவ்வளவு வெயில் காட்டினாலும், நீண்ட தண்டு சுருங்குவதில்லை. ஆகவே நல்ல பண்ணைகளில் பொறுப்புள்ள ஒருவர் இராத்திரி படுக்கப்போகும் முன் விளக்கோடு சென்று தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டே வருவார். அந்தச் சிரத்தையைக் காட்டிலும் உயர்ந்த உபாசனை ஒன்று உண்டா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

மூட்டம் பிரிந்த தட்டுகள் நிழல்வலைக் குடிலுக்குள் வரிசையாகப் பரவுகின்றன. வலை வெயிலில் பாதியை வடிகட்டுகிறது. பக்கவாட்டில் 40 முதல் 50 மெஷ் கண்ணுள்ள நைலான் வலை, இலைச்சுருள் நோயைச் சுமந்துவரும் வெள்ளை ஈயைத் தடுக்கிறது. நாற்றுப் பருவத்திலேயே அந்த நோய் தொற்றிய தக்காளிச் செடி பிற்காலத்தில் எவ்வளவு பராமரித்தாலும் காய்ப்பதில்லையாகையால், இரட்டைக் கதவு வைத்து, ஒன்றைச் சாத்திய பின்பே மற்றொன்றைத் திறக்கும் ஆசாரத்தைப் பண்ணைக்காரர்கள் கோயில் ஆசாரம்போல் கடைப்பிடிக்கிறார்கள். இதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலை நன்றாக இருந்தால் காரியம் நடக்கும். ரசிக்க வேண்டியது நீரூற்றுகிறவரின் கையை.

பூவாளி பிடிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பார். தட்டின் நடுக்குழிகளைவிட ஓரக்குழிகள் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், ஒரு வீச்சை ஓரத்துக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு நடுவுக்கு வருவார்; தாரை இலையை அழுத்தாமல், மேலெழுந்து வளைந்து மழையாகவே விழும். சந்தேகம் வந்தால் தட்டை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்; கனத்தில் ஈரத்தின் அளவு அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் மட்டுமே தாராளமாக ஊற்றுவார். மாலையில் நனைந்த இலை இராமுழுதும் ஈரமாகக் கிடந்தால், பித்தியம் முதலிய பூஞ்சாணங்கள் தண்டின் அடியைக் கவ்வி, விடிவதற்குள் வட்டம் வட்டமாக நாற்றுகளைச் சாய்த்துவிடும். நாற்றழுகல் என்று பெயர். டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து முன்னெச்சரிக்கை செய்கிறார்கள் என்றாலும், அந்நோய்க்கு முதல் மருந்து தாகம்தான். எத்தனையோ வீடுகளில் ஆசையாக வளர்த்த நாற்று செத்துப்போவது தண்ணீர் இல்லாமலல்ல. அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீரால்.

நெருக்கமும் நாற்றை நீளச் செய்யும். பக்கத்து இலை தன்மேல் விழுவதற்கு முன்பே, அதிலிருந்து பட்டு வரும் ஒளியின் மாறுதலைக் கொண்டே போட்டியாளன் அருகிலிருப்பதைச் செடி அறிந்துகொண்டு கழுத்தை நீட்டுகிறது. சிவப்பொளியையும் அதற்கப்பாலுள்ள அகச்சிவப்பை அடுத்த ஒளியையும் பிரித்தறியும் அந்த உணர்வின் இரகசியத்தை, அமெரிக்க விவசாய இலாகாவின் பெல்ட்ஸ்வில் நிலையத்து விஞ்ஞானிகள் லெட்யூஸ் விதைகளின் முளைப்பை வைத்து 1952-ல் வெளிப்படுத்தினார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1880-ல், சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸின் துணையோடு, புல் முளையின் நுனியை மூடிவிட்டால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை என்று காட்டி, நாற்றின் கண் அதன் நுனியில் இருப்பதை நிலைநாட்டினார். ஜன்னலோரத்தில் வைத்த தொட்டி நாற்று ஒருபக்கமாகச் சாய்வதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அந்தச் சாய்வு ஒரு பெரிய புத்தகத்துக்கு விஷயமாயிற்று.

எங்கள் சமவெளிக்கு இயற்கை அளித்த வரம் காற்று. ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து மலைக்கணவாய்கள் வழியே புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்றைத் திட்டாதவர் இல்லை. ஆனால் வலைக்குள் தணிந்து நுழையும் அதே காற்று நாற்றின் தண்டை நாள்தோறும் அசைத்து அசைத்துத் தடிக்கச் செய்கிறது. ஸ்பரிசத்தாலும் அசைவாலும் செடி குட்டையாகவும் உறுதியாகவும் மாறுவதை மார்டெகாய் ஜாஃபே என்ற அமெரிக்க விஞ்ஞானி 1973-ல் ஆராய்ந்து எழுதினார். தட்டுகளுக்கிடையே நடந்துபோகும்போது உள்ளங்கையால் நாற்றுத் தலைகளை லேசாகத் தடவிக்கொண்டே போகும் வழக்கமுள்ள ஒரு பண்ணைக்காரரை நான் அறிவேன். தக்காளி இலையின் ரோமங்களிலிருந்து அந்தக் காரமான பச்சை வாசனை அவர் கையில் ஏறியிருக்கும். ஏன் தடவுகிறீர்கள் என்று கேட்டால், “சும்மா தொட்டுப் பாக்குறதுதாங்க, பிள்ளைகளைத் தொட்டுப் பாக்குறதில்லையா” என்பார்.

இருபத்தைந்து நாள் நெருங்கும்போது தக்காளி நாற்று பயணத்துக்குத் தயாராகிறது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் மேலும் ஒரு வாரம் பத்து நாள் வேண்டும். இந்தக் கடைசி வாரத்தில் நாற்றுக்காரர் மனத்தைக் கல்லாக்கிக்கொள்கிறார். நிழலை விலக்கி வெயிலைக் காட்டுகிறார். நீரைப் பாதியாகக் குறைக்கிறார். இலை நடுப்பகலில் சற்றே தொங்கி, மாலையில் தானே நிமிரும்வரை காத்திருக்கிறார். இலையின் மேற்பரப்பில் மெழுகு கனக்கிறது. தண்டில் மெல்ல ஒரு ஊதா நிறம் படர்கிறது. வாங்க வருகிற அனுபவமில்லாதவர்கள் இந்த நிலையில் நாற்றைப் பார்த்து, வாடிக்கிடக்கிறது என்று முகம் சுளிக்கிறார்கள். அதனாலேயே தழைச்சத்தைத் தெளித்து, தண்ணீரைக் கொட்டி, தளதளவென்று நிற்கவைத்து விற்கிற பண்ணைகளும் உண்டு. அந்தத் தளதளப்பு வயலில் முதல் நாள் மத்தியானத்தோடு முடிந்துபோகும். வாங்குகிறவர் ரசனை தாழ்ந்தால் விற்கிறவர் வித்தையும் தாழும் என்பது சங்கீதத்தைப்போலவே இதிலும் நடக்கிறது. இதுபற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு.

ஆகையால்தான் கைதேர்ந்த சம்சாரி இலையைப் பார்த்ததோடு திருப்தியடைவதில்லை. “வேரைக் காட்டுங்கண்ணே” என்கிறார். பண்ணைக்காரரும் தயங்காமல் ஒரு குழியின் அடியைப் பெருவிரலால் அழுத்தி, நாற்றின் கழுத்தைப் பிடித்து மெதுவாக இழுக்கிறார். நல்ல நாற்றாக இருந்தால் குழியின் உருவத்திலேயே, தலைகீழ்க் கூம்பாக, ஒரு துகள் உதிராமல் வேர்க்கட்டு வெளியே வரும். அதன் மேனியெங்கும் பால்வெள்ளை வேர்கள் மேலிருந்து கீழாக ஓடிப் பின்னியிருக்கும். வேர் பழுப்பேறியிருந்தால் நீர் தேங்கியிருக்கிறது; அடியில் வட்டமாகச் சுருண்டிருந்தால் நாள் கடந்துவிட்டது; கட்டு உதிர்ந்தால் இன்னும் பிராயம் வரவில்லை. தட்டைத் தரையில் வைக்காமல் கம்பியின்மேலோ மேடையின்மேலோ உயர்த்தி வைத்திருந்தால், குழியின் அடித்துவாரத்தை எட்டிய வேர்நுனி காற்றுப்பட்டு அங்கேயே நின்றுவிடும். நின்ற இடத்துக்கு மேலே பக்கவேர்கள் கிளைக்கும். கத்தியில்லாமல் நடக்கும் இந்தக் கவாத்து, குழித்தட்டு முறையிலேயே என்னை அதிகம் வியக்கவைத்த அம்சம். வேர் அறாமல் வயலுக்குப் போகும் அந்த நாற்று நட்ட மறுநாளே நிமிர்ந்து நிற்கும்.

இந்த முறையை இங்கே பலர் கண்ணாரக் கண்டு கற்றுக்கொள்ள, திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரத்தில் இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் ஏற்பட்ட காய்கறி மகத்துவ மையம் பெரிதும் உதவியிருக்கிறது. ஒட்டுக்கட்டிய நாற்றும் தமிழ்நாட்டில் பரவி வருகிறது. சுண்டைக்காயின் அடித்தண்டில் கத்தரியின் தலையை இணைத்து, சிறு கவ்வியால் பிடித்து, இருட்டும் ஈரமுமான அறையில் சில நாள் வைத்தால் இரண்டும் ஓருடலாகின்றன. மண்ணிலிருந்து வரும் வாடல் நோயைச் சுண்டையின் வேர் தாங்கிக்கொள்ள, காய் மட்டும் கத்தரியாகவே காய்க்கிறது. ஜப்பானியர் 1920-களிலேயே தர்ப்பூசணியைச் சுரையின்மேல் ஒட்டிப் பயிரிட்டார்கள். வித்தை உயர்ந்ததுதான், ஆயினும் ஒரே விதையிலிருந்து எழுந்து தன் வேரிலேயே நிற்கும் நாற்றின் முழுமை எனக்கு அதைவிடப் பிரியமானது.

வீட்டுக்குள்ளும் மாடியிலும் நாற்று வளர்க்க ஆசைப்படுகிற நகரத்து நண்பர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு. விதை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் போக வேண்டாம். முளைக்கும்வரை இருட்டு பரவாயில்லை. கழுத்து தெரிந்த அன்றே தொட்டியைத் திறந்த வெளிச்சத்துக்கு எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமே கதி என்றால் தினம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள். நீர் காலையில் மட்டும்.

திண்டுக்கல்லின் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை நியாயமானதே. பூட்டுச் செய்கிறவரின் கைநுட்பத்துக்கு எவ்விதத்திலும் குறையாதது, வெள்ளைவேர்க் கூம்பாக ஒரு நாற்றைப் பக்குவப்படுத்தித் தருகிறவரின் கைநுட்பம். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பத் தூண்களைப் பார்க்க வெகுதூரத்திலிருந்து வருகிறீர்கள்; பார்த்து முடித்த பிறகு இந்தச் சமவெளியிலுள்ள நாற்றுப் பண்ணை ஒன்றில் கால் மணி நேரம் நில்லுங்கள். அனுமதி கேட்டு, முதல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போங்கள். ஒரு தட்டில் ஒரு நாற்றை எடுத்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள்.